மஞ்சள் உளுந்தும் மதுரைப் பேராசிரியரும்

மலர்க் குழுவிலிருந்து நண்பர் போன் செய்து, "பழைய ஞாபகம் ஏதாவது எழுதிக் குடுப்பா" என்றார். ஹாஸ்டல் சாம்பார், பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி, கிரிவலம் போகிறேன் என்று சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போனது, இவற்றையெல்லாம் எழுத நம் செட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். நான் தாவரவியல் படித்தவன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக்கொடுத்தவன். ஆகவே ஒரு தாவர விஞ்ஞானியின் ஆராய்ச்சி வரலாற்றை எழுதித் தருகிறேன் என்றேன்.

"யாரு, நம்ம காலேஜ் ஆளா?"

இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தாவர உயிரித்தொழில்நுட்பப் பேராசிரியராக இருந்த கே. வேலுதம்பி.

"நமக்கும் அவருக்கும் என்னப்பா சம்பந்தம்?"

உளுந்து, என்றேன். நண்பர் சிரித்துவிட்டு, "சரி, எழுது, பக்கம் இருக்கு" என்றார்.

சம்பந்தம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1987-இல் நான் பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு. வேங்கிக்கால் ஏரிக்குப் பின்னால் எங்கள் பெரியப்பாவுக்கு முக்கால் ஏக்கர் நிலம். இன்று கலெக்டர் ஆபீஸ், அடுக்குமாடி, ஓட்டல் என்று இருக்கும் வேங்கிக்காலை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டம்கூட ஆகவில்லை; அது 1989-இல்தான் வந்தது. வேலூர் சாலையைவிட்டு இறங்கினால் நேரே கழனிதான். பெரியப்பா அந்த வருடம் மல்லாட்டைக்கு நடுவே உளுந்து போட்டிருந்தார். முதலில் ஓரிரண்டு செடியில் இளம் இலைகளில் மஞ்சள் புள்ளி தெரிந்தது. புள்ளிகள் சேர்ந்து திட்டாயின. இரண்டு மூன்று வாரத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ மஞ்சள் தண்ணீர் தெளித்த மாதிரி ஆகிவிட்டது. பூ குறைந்தது, பிடித்த காயும் சின்னதாக, சுருங்கிப்போய் இருந்தது.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "செடியப் பத்தித்தானடா மூணு வருஷமா படிக்கிற? இதுக்கு என்ன மருந்து அடிக்கணும், சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. நாலு இலையைப் பறித்துப் புத்தகத்தில் வைத்து மறுநாள் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஆசிரியர் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். "மஞ்சள் தேமல்ப்பா. வைரஸ். வெள்ளை ஈ கொண்டாந்து விடுது. செடிக்குள்ள போயிட்டா மருந்து கிடையாது. வந்த செடியப் பிடுங்கிப் போடச் சொல்லு" என்றார். அவர் சொன்னது சரிதான். அதை அப்படியே பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, "பிடுங்கிப் போடறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு நான் ஆசிரியர் பயிற்சி, வேலை என்று போய்விட்டேன். 2004 வாக்கில், என்னிடம் பிளஸ் டூ படித்து மதுரையில் எம்.எஸ்ஸி. சேர்ந்திருந்த ஒரு பையன் விடுமுறைக்கு வந்தபோது சில ஆராய்ச்சிக் கட்டுரைகளின் ஜெராக்ஸ் கொண்டுவந்து கொடுத்தான். "சார், நீங்க வகுப்புல சொல்லுவீங்களே அந்த உளுந்துக் கதை, அதப் பத்திதான் எங்க டிபார்ட்மெண்ட்ல பண்றாங்க." மேல் கட்டுரை உளுந்தின் மஞ்சள் தேமல் வைரஸைப் பற்றியது. கடைசிப் பெயர் வேலுதம்பி. அன்றிலிருந்து அவருடைய கட்டுரைகளைப் பின்னோக்கியும் முன்னோக்கியும் தேடிப் படித்து வருகிறேன். அவரை நான் நேரில் சந்தித்ததில்லை. ஒரு விஞ்ஞானியின் கட்டுரைப் பட்டியலையே வரலாற்று ஆவணமாகப் படிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. இந்தக் கட்டுரை அந்த முயற்சிதான்.

இன்று படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு சின்னக் குறிப்பு. உயிரியல் கட்டுரைகளில் முதல் பெயர் பெரும்பாலும் மேசையருகே நின்று கை நனைத்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத்தை நடத்துகிறவருடையது. இதைத் தெரிந்துகொண்டு பட்டியலைப் பார்த்தால் ஒரு மனிதன் மாணவனாக இருந்து ஆசிரியராக ஆன கதை அதிலேயே எழுதியிருக்கும்.

வேலுதம்பியின் பெயர் முதலிடத்தில் நிற்கும் ஆரம்பக் கட்டுரைகளில் ஒன்று 1981-இல் அமெரிக்காவின் 'பிளான்ட் ஃபிசியாலஜி' இதழில் வந்தது. செய்த இடம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். உடன் பெயர்கள் எஸ். மகாதேவன், ரமேஷ் மகேஸ்வரி. ஆராய்ந்த செடி கஸ்குட்டா. வேலிமேல் இலையில்லாமல், தரையில் வேரில்லாமல், மஞ்சள் நூலை அள்ளிப் போட்டாற்போல் கிடக்குமே, அந்த ஒட்டுண்ணிக் கொடி. அம்மையார் கூந்தல் என்றும் சொல்வார்கள். அதற்கு ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈஸ்டிலும் காளானிலும் பூச்சிகளின் உடல் நீரிலும் இருக்கும் சர்க்கரை அது. கொடுத்ததும் கொடியின் வளரும் நுனி கறுத்துப்போயிற்று. காரணம், அந்தச் சர்க்கரையை உடைக்கும் என்சைம் இந்தக் கொடியில் மிகக் குறைவு. மறு வருடமே, 1982-இல், இந்தச் சர்க்கரை செல் சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது என்று அடுத்த கட்டுரை வந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்து, இதே ட்ரெஹலோஸோடு ஒரு பாஸ்பேட் சேர்ந்த மூலக்கூறு, செடிக்குள் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று தெரிவிக்கும் சைகையாக வேலை செய்கிறது என்று உலகம் கண்டுபிடித்தது. வேலியில் கிடக்கும் கொடியை மட்டமாக நினைக்கக்கூடாது.

அடுத்த இடம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே பி.டபிள்யூ. பூவையாவுடன் சேர்ந்து 1984-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை. மொத்தம் மூன்று பக்கம், இரண்டே பெயர். கால்சியம் இருந்தால் செடியின் சில புரதங்களில் பாஸ்பேட் ஏறுவது கூடுகிறது என்பதே சாரம். செடிக்கு நரம்பு இல்லை, ஆனாலும் செய்தி உள்ளே போகிறது. எப்படிப் போகிறது என்ற பெரிய கேள்வியின் ஒரு ஓரத்தைப் பிடித்த வேலை. இதைப் பற்றி அதிகம் சொல்லாமல் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் உளுந்துக்கு வழி திறந்தது இதற்கும் அடுத்த ஊரில்தான்.

அந்த ஊர் பர்டியூ பல்கலைக்கழகம். ஆய்வுக்கூடம் ஸ்டான்டன் கெல்வினுடையது. விஷயம் அக்ரோபாக்டீரியம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அக்ரோபாக்டீரியம் மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியா. காயம்பட்ட செடியைக் கண்டால் தன்னுடைய டி.என்.ஏ.வில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் செடியின் செல்லுக்குள் அனுப்பி, செடியின் டி.என்.ஏ.வோடு சேர்த்துவிடும். அந்த இடத்தில் கழலை வரும். கழலை ஓபைன் என்ற பொருளைத் தயாரிக்கும். அதுதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. அதாவது செடியைத் தனக்குச் சமையற்காரனாக மாற்றிக்கொள்கிறது. பாக்டீரியாவின் டி.என்.ஏ. உண்மையிலேயே செடிக்குள் போய்ச் சேர்கிறது என்பதை 1977-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் மேரி-டெல் சில்டன் முதலானவர்கள் நிரூபித்தார்கள். 1983-இல் அந்தத் துண்டுக்குப் பதில் நமக்கு வேண்டிய ஜீனை வைத்து அனுப்பலாம் என்று காட்டியாயிற்று. ஆனால் பாக்டீரியா எப்படி வெட்டுகிறது, எங்கே வெட்டுகிறது, யார் உத்தரவில் வெட்டுகிறது என்பதெல்லாம் அப்போது தெளிவாகவில்லை.

1987-இல், எங்கள் பெரியப்பா என்னிடம் மருந்து கேட்ட அதே வருடத்தில், வேலுதம்பி, ஜெயஸ்வால், கெல்வின் மூவரும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அனுப்பப்படும் துண்டின் இரு முனைகளிலும் 25 எழுத்து நீளத்தில் எல்லைக்கல் மாதிரி ஒரு தொடர் உண்டு. அங்கே வெட்டு விழ விர் ஏ, விர் ஜி, விர் டி என்ற ஜீன்கள் வேண்டும் என்று காட்டினார்கள். வகுப்பில் நான் இப்படிச் சொல்வேன்: விர் ஏ வாசல் காவல்காரன், செடியின் காயத்திலிருந்து வரும் வாசனையைப் பிடிப்பான். விர் ஜி அந்தச் சேதியை வாங்கி மற்றவர்களை எழுப்புவான். விர் டி கையில் கத்தரிக்கோல். மறு வருடம் வால்ட் ரீமும் சேர்ந்துகொண்டார். எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் 'ஓவர்டிரைவ்' என்று ஒரு தொடர் இருந்து வேலையை முடுக்குகிறது என்று 1986-இல் சொன்ன குழு அவருடையது. வெட்டப்பட்ட துண்டு ஒற்றை இழையாக வெளிவருவதையும், அதில் ஓவர்டிரைவுக்கு இருக்கும் பங்கையும் 1988 கட்டுரை பேசுகிறது. 1989-இல் டெக்சாஸிலிருந்து ஜீன் கோல்ட், ராபர்ட்டா ஸ்மித் ஆகியோருடன் ஒன்று: கழலை தயாரிக்கும் ஓபைனைக் கொடுத்தால் விர் ஜீன்கள் இன்னும் சுறுசுறுப்பாகின்றன. மூன்று கட்டுரையிலும் முதல் பெயர் வேலுதம்பிதான்.

ஒவ்வொரு ஊரிலும் ஒருவரோடு சேர்ந்து ஒன்றைக் கற்றுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருக்கிறார். பெங்களூரில் செடியின் உடலியல், வாஷிங்டனில் புரதம், பர்டியூவில் டி.என்.ஏ. இதற்குப் பிறகு பட்டியலில் முகவரி மாறுகிறது: பல்கலை நகர், மதுரை. பெயரும் இடம் மாறுகிறது, முதலிலிருந்து கடைசிக்கு.

நம் நாட்டில் எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜியை முதன்முதலில் ஆரம்பித்த பல்கலைக்கழகங்களில் மதுரை காமராசரும் ஒன்று. அமெரிக்காவில் கற்ற கலையை வைத்துக்கொண்டு அங்கே போலப் புகையிலையிலேயே காலம் தள்ளியிருக்கலாம். புகையிலை சொன்னபடி கேட்கும் செடி. அவர் கையில் எடுத்தவற்றில் ஒன்று உளுந்து. திசு வளர்ப்பு செய்தவர்களுக்குத் தெரியும், பயறு வகைகள் படுத்தும் பாடு. 1996-இல் 'பிளான்ட் செல் ரிப்போர்ட்ஸ்' இதழில் கார்த்திகேயன், சர்மா ஆகியோருடன் வந்த கட்டுரையில், உளுந்தின் முதல் இலைத் துண்டுகளில் அக்ரோபாக்டீரியம் வழியாக வெளி ஜீன் சேர்ந்துவிட்டது; ஆனால் கிடைத்தது காலஸ் என்கிற திசுக்கட்டிதான், முழுச் செடி அல்ல. முழு உளுந்துச் செடியிலேயே ஜீன் மாற்றம் நிலைத்தது என்று 2003-இல் அரியானாவின் ரோத்தக்கிலிருந்து ஜெய்வால் குழுவினர் வெளியிட்டார்கள். ஏழு வருடம்! ஒரு இட்லிக்கு அரைக்கும் உளுந்து இவ்வளவு பிடிவாதம் பிடிக்கும் என்று யார் நினைப்பார்கள்.

இதற்கிடையில் மதுரைக் குழு எதிரியின் பக்கம் திரும்பியது. நோய் கண்ட உளுந்திலிருந்து வைரஸின் டி.என்.ஏ.வைப் பிரித்து எடுத்தார்கள். இந்த வைரஸுக்கு இரண்டு டி.என்.ஏ. வளையங்கள் உண்டு, ஒவ்வொன்றும் சுமார் 2,700 எழுத்து. ஏ வளையம் பெருகும் வேலையைப் பார்க்கும். பி வளையம் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் பயணம் போகும் வேலையைப் பார்க்கும். இரண்டும் சேர்ந்தால்தான் நோய். மதுரையில் கிடைத்தது ஒரே ஒரு ஏ வளையம், ஆனால் ஐந்து விதமான பி வளையங்கள். ஒரு வண்டிக்கு ஐந்து டிரைவர் மாதிரி.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பிரித்தெடுத்த வளையங்கள்தான் நோய்க்குக் காரணம் என்று நிரூபிக்க வேண்டுமானால் அவற்றைத் திரும்பச் செடிக்குள் விட்டு நோயை வரவழைத்துக் காட்ட வேண்டும். இந்த வைரஸோ சாறெடுத்து இலையில் தேய்த்தால் லேசில் ஏறாது. வெள்ளை ஈ வேண்டும். ஈயை வளர்ப்பதும், அது சரியாகக் குடித்ததா, சரியாகத் துப்பியதா என்று பார்ப்பதும் பெரிய தலைவலி. அக்ரோபாக்டீரியத்தையே ஈக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம் என்ற யோசனை 1986, 1987-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பார்பரா ஹோன், தாமஸ் ஹோன் தம்பதியர் பங்குகொண்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. பாக்டீரியாதான் டி.என்.ஏ.வைச் செடிக்குள் அனுப்புவதில் கெட்டிக்காரன் ஆயிற்றே! அது அனுப்பும் துண்டுக்குள் வைரஸை வைத்துவிட்டால் தானே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் இங்கே வளையம் இரண்டு. ஏ வளையத்தை ஒரு பாக்டீரியாவிலும் பி வளையத்தை இன்னொன்றிலும் வைத்துக் கலந்து கொடுத்தால், இரண்டும் ஒரே செல்லில் போய்ச் சேருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மதுரையில் என்ன செய்தார்கள் என்றால், ஒன்றோடொன்று சண்டை போடாத இரண்டு பிளாஸ்மிடுகளில் ஏ, பி இரண்டையும் ஏற்றி, ஒரே பாக்டீரியாவுக்குள் குடிவைத்தார்கள். 2003-இல் 'பிளான்ட் டிசீஸ்' இதழில் இது வந்தது. அதன் பிறகு உளுந்து நாற்றில் வேண்டும்போது மஞ்சள் தேமலை வரவழைக்க முடிந்தது. ஈயும் வேண்டாம், கழனியும் வேண்டாம்.

வேண்டும்போது நோயை வரவழைக்க முடிந்ததும் கேள்விகளுக்குப் பதில் வர ஆரம்பித்தது. 2004-இல் பெங்களூரிலிருந்து வரும் 'ஜர்னல் ஆஃப் பயோசயன்சஸ்' இதழில், கே.ஏ.22, கே.ஏ.27 என்ற இரண்டு பி வளையங்களைத் தனித்தனியே அதே ஏ வளையத்தோடு சேர்த்து உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 22 உளுந்தை மோசமாகத் தாக்கியது. 27 பச்சைப்பயறை மோசமாகத் தாக்கியது. எந்தப் பயிர் என்று முடிவு செய்வதில் பி வளையத்துக்கு முக்கியப் பங்கு இருக்கிறது. இதைப் படித்த அன்று, "உளுந்துல மஞ்சளடிச்ச வருஷம் பக்கத்துப் பயறு தப்பிச்சுக்கும்" என்று பெரியப்பா சொன்னது ஞாபகம் வந்தது. அதற்கு இதுதான் காரணமா என்று ஒரு கழனியை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஞாபகம் வந்தது. அதே வருடம் வைரஸின் வரிசை பற்றி வந்த இன்னொரு கட்டுரையில் ஆசிரியர்கள் பத்துப் பேர். முதல் பெயர், 1996-இல் காலஸோடு மல்லுக்கட்டிய அதே கார்த்திகேயன்.

அக்ரோபாக்டீரியத்தை ஈயாக மாற்றிய அதே பாசலோடுதான் பிறகு கூட்டு வந்தது. தாமஸ் ஹோன், மிகாயில் பூகின் ஆகியோரோடு. மதுரையிலிருந்து பி.வி. சிவப்பிரசாத் என்ற மாணவரின் பெயர் இந்தக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 2003-இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி'யில் நால்வர் பெயரில் இரண்டே பக்கக் கடிதம். இரட்டை இழை ஆர்.என்.ஏ. உள்ளே வந்தால் செல் அதை எதிரியின் அடையாளமாக எடுத்துக்கொண்டு அதே எழுத்து வரிசை உள்ளவற்றை அடக்கும். இது 1998-இல் ஃபயர், மெல்லோ இருவரும் புழுவில் கண்டது, 2006-இல் நோபல் பரிசு பெற்றது. ஆனால் நம் வைரஸ் டி.என்.ஏ. வைரஸ். அதற்கு இந்த வித்தை பலிக்குமா? வைரஸின் ஜீன்களை முடுக்கிவிடும் புரமோட்டர் பகுதியின் வரிசையில் கொண்டை ஊசி மாதிரி மடங்கும் ஆர்.என்.ஏ.வைத் தரும் டி.என்.ஏ.வை, ஏற்கெனவே மஞ்சளான உளுந்து நாற்றுகளின்மேல் ஜீன் துப்பாக்கியால் சுட்டார்கள். பெரும்பாலான செடிகள் தேறின. புது இலை பச்சையாக வந்தது.

இதைப் படித்தபோது நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன். செடிக்குள் போய்விட்டால் மருந்து கிடையாது என்று 1987-இல் நான் கொண்டுபோய்ச் சொன்ன வாக்கியம், ஒரு ஆய்வுக்கூடத்தின் தொட்டியிலாவது, பொய்யாகியிருந்தது.

வைரஸ் மட்டும் சும்மா இருக்குமா? 2005-இல் 'ஜர்னல் ஆஃப் வைராலஜி'யில் மதுரை, பாசல் இரண்டும் சேர்ந்து வெளியிட்ட இன்னொரு கட்டுரை அதன் பதிலடியைச் சொல்கிறது. ஏசி2 என்ற வைரஸ் புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய்ச் செடியின் சொந்த ஜீன்களையே சிலவற்றை முடுக்கிவிடுகிறது. அதோடு சேர்ந்தே செடியின் அடக்கும் சக்தி குறைகிறது. வீட்டுக்குள் வந்த திருடன் வீட்டு நாயைப் பழக்கிக்கொண்ட கதை.

நெல் பக்கமும் அவர் வேலை செய்தார், சுருக்கமாகச் சொல்கிறேன். இலையுறைக் கருகலை உண்டாக்கும் பூஞ்சைக்கு எதிராக, பூஞ்சையின் செல் சுவரைக் கரைக்கும் கைட்டினேஸ் ஜீனை பூசா பாசுமதி 1 நெல்லில் வைத்தார்கள், 2003-இல். இதில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் சாமியப்பனும், அமெரிக்காவின் கான்சாஸிலிருந்து எஸ். முத்துகிருஷ்ணனும் கூட்டு. 2008-இல் வந்த இன்னொரு நெல் கட்டுரையில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மாற்றுச் செடியைத் தேர்ந்தெடுக்க உதவும் அடையாள ஜீன் கடைசியில் செடியில் தங்கக்கூடாது என்பது பலருடைய கோரிக்கை. அதற்கு, வேண்டிய ஜீனையும் அடையாள ஜீனையும் தனித்தனித் துண்டுகளாக ஒரே அக்ரோபாக்டீரியத்தில் ஏற்றி அனுப்பி, அடுத்த தலைமுறையில் பிரித்துவிட்டார்கள். ஒரே வண்டியில் இரண்டு சாமான்! உளுந்து வைரஸுக்காகச் செய்த ஏற்பாடு நெல்லுக்கும் உதவியிருக்கிறது. பட்டியலை வரிசையாகப் படித்தால்தான் இது தெரியும்.

சரி, விதை எங்கே? பெரியப்பா இன்று இல்லை. அவர் மகன், என் அண்ணன், நான் இந்தக் கதையை ஆரம்பித்தாலே இந்தக் கேள்வியைப் போடுவார். "வாத்தியாரே, பாசல், பர்டியூன்னு ஊர் பேரெல்லாம் நல்லாத்தான் சொல்ற. எனக்கு அஞ்சு கிலோ விதை வாங்கிக் குடு."

வாங்கித் தர முடியாது. ஜீன் மாற்றி மஞ்சள் தேமலைத் தாங்கும் உளுந்து எதுவும் நம் விவசாயி கைக்கு வரவில்லை. இந்தியாவில் வணிக ரீதியாகச் சாகுபடிக்கு வந்த மரபணு மாற்றுப் பயிர் 2002-இல் வந்த பி.டி. பருத்தி ஒன்றுதான். பி.டி. கத்தரிக்காய் 2010-இல் நிறுத்திவைக்கப்பட்டது. கடுகுக்கு 2022-இல் கொடுத்த அனுமதி உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 2024-இல் இரு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். இந்தப் பயிர்கள் வேண்டுமா வேண்டாமா என்பதில் நம் பழைய மாணவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு, டீக்கடையில் வைத்துக்கொள்வோம். என் அபிப்பிராயம், அனுமதி கிடைத்திருந்தாலும் உளுந்து அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்பதுதான். செடியும் பிடிவாதம், வைரஸும் ஒன்றல்ல, ஐந்து டிரைவர்.

ஆனால் அண்ணனுக்கு இன்னொரு பதில் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச காலம் ஆயிற்று. அவர் இப்போது விதைப்பது புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி மையத்தின் ரகம். வம்பன் 6, வம்பன் 8 போன்றவை மஞ்சள் தேமலைத் தாங்கும் என்று சிபாரிசு செய்யப்பட்டவை. ஒட்டுக்கட்டித் தேர்ந்தெடுத்த ரகங்கள். ஜீன் மாற்றம் எதுவும் இல்லை. இப்படி எதிர்ப்பு ரகம் தேடுகிறவர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. கழனியில் ஒரு செடி பச்சையாக நிற்கிறதென்றால், அது உண்மையிலேயே நோயைத் தாங்குகிறதா, இல்லை, அந்தப் பக்கம் ஈ வரவில்லையா? ஈ குறைந்த வருடத்தில் எல்லாச் செடியும் வீரன்தான். இங்கேதான் மதுரையின் பாக்டீரியா உதவியது. வைரஸை ஏற்றிய அந்த அக்ரோபாக்டீரியம் வகைகளை வைத்துப் பயறு வகைகளைச் சோதித்த ஆய்வுகள் பின்னாளில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தன. ஈக்காகக் காத்திருக்காமல் ஒவ்வொரு நாற்றுக்கும் நோயைக் கொடுத்துப் பார்ப்பது. அண்ணன் வீட்டு மூட்டையில் இருக்கும் விதைக்கும் அந்தச் சோதனைக்கும் நேர்க்கோடு போட நான் துணியமாட்டேன். ஆனால் நோயை வரவழைக்கத் தெரிந்தவன் கையில்தான் நோய் தாங்கும் செடியைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காட்டும் வழி இருக்கிறது என்பதை அண்ணனுக்கு விளக்கினேன். "அதாவது, நோவு குடுக்கறதுக்கு ஒரு படிப்பு" என்றார். அப்பாவின் பிள்ளை.

பட்டியலில் இருந்த மாணவர்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். சிவப்பிரசாத் பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் செடிகளின் சிறு ஆர்.என்.ஏ.க்களை ஆராயும் தனி ஆய்வுக்கூடம் நடத்துகிறார். கட்டுரைகளில் இப்போது அவர் பெயர் கடைசியில். வனிதாராணி அமெரிக்காவின் டான்ஃபோர்த் மையத்துக்குப் போய், ஆப்பிரிக்க மரவள்ளியைத் தாக்கும் இதே குடும்பத்து வைரஸ்கள் எப்படிச் செடியின் தற்காப்பை முறிக்கின்றன என்று 2004-இல் எழுதினார். உளுந்தில் பழகிய கை மரவள்ளிக்குப் போயிருக்கிறது. தாவரவியல் துறை மாணவர்கள் இந்தப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். கட்டுரைகள் பலவும் இன்று செலவில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. எனக்கு ஒரு ஜெராக்ஸ் கிடைக்கப் பதினேழு வருடம் ஆயிற்று.

போன பட்டத்தில் அண்ணன் கழனியில் நின்றேன். முக்கால் ஏக்கரில் பாதி வீட்டுமனை ஆகிவிட்டது, மிச்சத்தில் உளுந்து. நல்ல பச்சை. வரப்போரம் மட்டும் ஏழெட்டுச் செடி மஞ்சளாக நின்றது. ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன், அடியில் வெள்ளை ஈ. "என்ன பண்ணலாம் வாத்தியாரே?" என்று கேட்டார் அண்ணன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பிடுங்கிப் போட்டேன். இரண்டு செடியை மட்டும் வேரோடு ஈரச் சாக்கில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன், பிளஸ் டூ பிள்ளைகள் பார்க்கட்டும் என்று. மலர் வெளியீட்டுக்கு வருகிறவர்களில் யாருக்காவது ஆசையிருந்தால் சொல்லுங்கள். கலெக்டர் ஆபீஸ் தாண்டி ஏரிக்கரை வழியாகப் போனால் பத்து நிமிடம்தான், கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.